சாவிக்கு முதலில் நீ கை நீட்டு

என் செல்ல மகனுக்கு, அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். பாதி நலம் என்று வைத்துக்கொள். மருமகளும் பேத்தி வாலுவும் நலமா? வாலுவுக்கு முன்பல் விழுந்த படத்தை அப்பா பேங்க் செக்யூரிட்டி வரைக்கும் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும், அதனால் கையெழுத்தைக் குறை சொல்லாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் நல்ல செய்தி. வண்டி விலை படிந்துவிட்டது. நீ கேட்ட அதே பெரிய எஸ்யூவி, வெள்ளை நிறம், கூரையில் கண்ணாடி வைத்தது. நீ ஒதுக்கிய தொகையில் நாலே கால் லட்சம் மிச்சம். நீ குதிப்பாய் என்று தெரியும். குதிக்காதே, முழுவதும் படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு சீட்டு இருந்தது, கண் டாக்டர் சீட்டு. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் கொள்முதல் பார்த்தவளுக்கு டாக்டர் கையெழுத்து என்ன பெரிய விஷயமா? கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். கடைசி வரியில் அடிக்கோடு போட்டு, வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. காலையில் நடைப் பயிற்சி என்று அவர் போனதெல்லாம் எங்கே என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோழை என்று நீ என்னைத் திட்டலாம். முப்பத்தொரு வருஷம் முதலாளிமார் வண்டிகளை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனுஷரிடம் ‘இனிமே ஓட்டாதீங்க’ என்று எந்த வாயால் சொல்வது? அடுத்தவன் வண்டிக்குக் கதவு திறந்துவிட்டே காலம் போயிற்று, ஒரு நாளாவது நம் வண்டி என்று ஏற வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தானே நீ பணம் அனுப்பினாய். அதுவும், விமான நிலையத்துக்கு நானே ஓட்டி வந்து உங்கள் மூன்று பேரையும் அழைத்துப் போவேன் என்று அவர் உன்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பின் சீட்டில் வாலு உட்கார்ந்திருப்பாளே.

அதனால், வண்டியே வாங்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போனேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். விலை படியவில்லை என்றால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன் வழக்கமான ஏற்பாட்டை நினைவுபடுத்தினேன். பிரிட்ஜ் வாங்கியபோதும் கட்டில் வாங்கியபோதும் நீயே பார்த்திருக்கிறாய். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தால் அவரும் பேசாமல் எழுந்துவிட வேண்டும். இரண்டு பேரும் வாசல் வரை போனால் கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

முதலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்ததும் பத்து வயது குறைந்துவிட்டார். பக்கத்தில் விற்பனைப் பெண், பின்னால் நான். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக ஓட்டினார். திருப்பத்தில் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்தான். எனக்குத் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன். பிரேக் பிடித்தபோது சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். ‘பாத்தேன், பாத்தேன், ஏன் கத்தற?’ என்றார். அவர் பிடரியில் வேர்வை இறங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். சொன்ன விலையில் இரண்டு லட்சம் குறைக்கச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, ‘ஓகே மேடம்’ என்றாள். எனக்குப் பகீரென்றது. மாதக் கடைசி, அதிலும் யாரோ பதிவு செய்து வேண்டாம் என்று விட்டுப்போன வண்டி, மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறது. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. மூன்று லட்சம் என்றேன். போனாள், வந்தாள், ஓகே. இன்சூரன்ஸை வெளியில்தான் எடுப்பேன் என்றேன். அதற்கும் சரி. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை, இதற்கு எதற்கு நான் காசு கொடுக்க வேண்டும் என்று பழைய பழக்கத்தில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பேர் வைத்தவர்கள் அன்று பார்த்திருக்க வேண்டும். தோற்க வேண்டும் என்று போனவள் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா வேறு பெருமையில் என் கையைத் தட்டிக் கொடுக்கிறார்.

கடைசியில் மேனேஜரே வந்து எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும், நிதானமான ஆள். நாலே கால் லட்சம் குறைத்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். ‘முடியாதும்மா, எங்களுக்கே கட்டுப்படியாகாது’ என்றார். அப்பாடா என்று இருந்தது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், எழுந்தேன், நடந்தேன். தரை முழுக்கக் கம்பளம், நடந்தால் சத்தமே வராது. கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதுதான் பின்னால் அப்பா வரவில்லை என்று உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் அதே இடத்தில் மேனேஜரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இருந்த நாற்காலியைக் கையால் காட்டி, ‘இவ இப்படித்தான் சார், விடவே மாட்டா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலி நாற்காலி. நான் எழுந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. மேனேஜர் நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். மேனேஜரின் முகம் மாறியதை அங்கிருந்தே பார்த்தேன்.

வாசல் வரை போனவள் தானாகத் திரும்பி வந்தால் பேரத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. ஆனாலும் திரும்பி வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வேன்? அப்பா என் காதருகே குனிந்து, ‘எப்ப பைய எடுக்கப்போற? நான் ரெடியாத்தான் இருக்கேன்’ என்றார். அப்போது எனக்கு அழுகை வந்தது. விலைக்காக அழுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

மேனேஜர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அம்மா சொன்ன விலைக்கே போடு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். இனி மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்னும் ஒரே ஒரு நிபந்தனை, வண்டி இங்கேயே நிற்கட்டும், பணம் போட்ட என் மகன் ஊரிலிருந்து வந்து அவன் கையில்தான் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தில் தன் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது வாசற்படியில் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரு படி இருக்கு சார்’ என்றார். உன் அப்பா யார் பிடித்தாலும் உதறுகிறவர், அன்று உதறவில்லை.

பஸ்ஸில் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, ‘அப்ப ஏர்போர்ட்டுக்கு நான் ஓட்டிட்டுப் போக முடியாதா?’ என்று மட்டும் கேட்டார். டாக்சியில் போவோம், காசு போட்டவன் கையால் முதலில் எடுக்கட்டும் என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் சாவி மாட்டுவதற்கென்று வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். விரலில் ஒரு அடி, சுவரில் மூன்று ஓட்டை. ஆணி கோணலாக நிற்கிறது. நேராக இருக்கிறதா என்று கேட்டார், நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்றேன்.

மிச்சமான பணத்தைத் திருப்பிக் கேட்காதே. நீ ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அதில் ஒரு டிரைவர் வைக்கப்போகிறேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவருக்கு ஒருவன் கதவு திறந்துவிடட்டும்.

நீ இங்கே இருக்கப்போகும் ஒரு மாதத்தில் எப்படியாவது கண் விஷயத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடு. அவர் சொல்லும்போது அப்போதுதான் முதல்முறை கேட்கிற மாதிரி கேள். மருந்து பாட்டிலை ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். தானே விட்டுக்கொள்வதில் பாதி கன்னத்தில் வழிகிறது, காலையில் தலையணை உறையில் பார்க்கிறேன். அவர் சொல்லிவிட்டால் போதும், மூன்று வேளையும் நான் விடுவேன். இருக்கிற பார்வையாவது இருக்கும்.

வண்டி எடுக்கப் போகும் அன்றைக்கு மேனேஜர் சாவியை நீட்டுவார். உன் அப்பாவின் கையும் தன்னை அறியாமல் நீளும். முதலில் நீ கை நீட்டிவிடு, கண்ணா. ரொம்ப நாள் ஆசைப்பா, இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்று சொல். முன் சீட்டில் உன் பக்கத்தில் அவரை உட்கார வை. ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம்ப்பா என்று கேள், தெரிந்தாலும் கேள். அவருக்கு இந்த ஊரின் எல்லா வழியும் தெரியும்.

மாடிப்படியில் அவர் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி ஏறுகிறார். நிறுத்துகிறேன். நீங்கள் எல்லோரும் நல்லபடியாக வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா