அக்கா இல்லாத ஆறு வாரம்

8.7.97 செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். மலை மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. 7.40 பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். (இனி கீ.பெ. என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.)

தனபாக்கியம் அக்காவின் மகளிர் சங்கம். கூலிக்குப் போகிற பெண்களின் குழந்தைகளுக்காகப் பதினாலு ஊரில் பால்வாடி. பதினாறு வருஷ உழைப்பு. சென்னையில் நிதி கொடுக்கிறவர்கள் என்னை ஆறு தடவை போய் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலையின் பெயர் ‘இரண்டாம் நிலைத் தலைமையை உருவாக்குதல்’. வாடகை வீட்டுக்காரம்மாவுக்கு இதைப் புரியவைக்க முடியாமல் டீச்சர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று மூன்றாவது தடவை. போனதும் அக்கா என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வயிற்றில் கட்டியாம், கர்ப்பப்பையில். உதிரப்போக்கு ஜாஸ்தி. வேலூர் டாக்டர் பிப்ரவரியிலேயே எடுத்துவிடச் சொன்னாராம். இவர் மூன்று முறை தேதி வாங்கி மூன்று முறையும் போகவில்லை. இப்போது 22ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஓய்வு.

“ஆறு வாரம் நான் இல்லாட்டி யாரு பாப்பாங்க சுகுணா?”

“விஜயா.”

“விஜயாவா! அவளுக்குக் கோவமே வராதே.”

விஜயா இங்கே ஒருங்கிணைப்பாளர். பதினோரு வருஷமாக இருக்கிறாள். மெல்லிய குரல், நல்ல கையெழுத்து. யார் என்ன கேட்டாலும் “அக்காவக் கேட்டுச் சொல்றேங்க” என்பாள்.

அக்காவின் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. இத்தனை நாள் கவனிக்காமல் ‘தலைமை’ பற்றிப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

10.7.97 வியாழன்

மறுபடி கீ.பெ. பஸ்ஸில் வேர்க்கடலை விதை மூட்டை மேல் உட்கார்ந்து பயணம். புடவையெல்லாம் மண்.

அட்டைகளில் சங்கத்தின் வேலைகளை எழுதி அக்காவிடம் கொடுத்து, அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை மேல் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன். மொத்தம் இருபத்திரண்டு அட்டை. வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே போனார். மீந்தது மூன்று. கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, காலண்டர் தாள் கிழிப்பது.

பிறகுதான் வேடிக்கை. போன கூட்டத்தில் என்ன முடிவானது என்று பார்க்க மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டேன். கடைசிப் பக்கம், தேதி 12.7.97. சனிக்கிழமை நடக்கப்போகிற கூட்டம்! முழுவதும் எழுதி முடித்தாகிவிட்டது. இன்னார் முன்மொழிந்தார், இன்னார் வழிமொழிந்தார், ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. கடைசி வரி: ‘ஆலோசகர் திருமதி சுகுணா அவர்கள் சங்கத்தின் பணிகளைப் பாராட்டிப் பேசினார். தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.’

எழுதுகிறவர் அக்காவின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கத்தின் பொருளாளர். எல்லாரும் ‘சார்’ என்கிறார்கள். முத்து முத்தான எழுத்து.

“இது இன்னும் நடக்கவே இல்லையே சார்?”

“நடக்கும்மா. இப்படித்தான் நடக்கும்.”

அக்காவிடம் கேட்டால் சிரிக்கிறார். “அவளுங்க இன்னா சொல்வாளுங்கன்னு எனக்குத் தெரியாதா? கூட்டம் முடிஞ்சப்புறம் உக்காந்து எழுதினா அஞ்சு மணி டவுன் பஸ்ஸு போயிடும். பாவம், நடந்தா போவாளுங்க?”

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கூட்டத்துக்கு வருகிற பெண்களுக்குப் பஸ் போய்விடக் கூடாதென்ற கவலைதான். ஆனால் மூன்றாவது தீர்மானத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘செயலாளரின் மருத்துவ விடுப்பு ஆடி மாதம் முடியும் வரை ஒத்திவைக்கப்படுகிறது.’ அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் ஏகமனதாக ஒத்திவைக்கப்போகிறார்கள்.

அக்கா: “ஆடில யாராவது வயித்துல கத்தி வைப்பாங்களா?”

பிப்ரவரியில் ஆடி இல்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

11.7.97 வெள்ளி

வீட்டில். துணி துவைத்தேன். நாளைக்கு வேண்டியவை: புளியங்கொட்டை, அட்டை, ஸ்கெட்ச் பேனா, தைலம்.

என் கணவரிடம் மினிட்ஸ் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் மேஜையைக் காட்டி, “நீ மட்டும் என்னவாம்?” என்றார். சென்னைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அங்கே இருந்தது. ஆறாவது தடவை போய் வந்த பிறகு எழுத வேண்டியது. பாதி எழுதிவிட்டேன். போன வருஷம் செங்கம் பக்கத்துச் சங்கத்துக்கு எழுதியதில் பேரை மாற்றினால் போதும் என்று.

ஊருக்குத்தான் உபதேசம். அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

12.7.97 சனி

கூட்டம். பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். புழுக்கம். மின்விசிறி பேருக்குச் சுற்றியது.

ஆரம்பிக்கும் முன் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி உடம்பு விஷயத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். இரண்டே வரியில் சொன்னார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எதைக் கேட்டாலும் அக்காவின் முகத்தைப் பார்க்கிறார்கள். “கொஞ்சம் வெளியே போய் டீ சாப்பிட்டுட்டு வாங்கக்கா” என்றேன். சொந்தச் சங்கத்தை விட்டு அவரை வெளியே அனுப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். முறைத்துக்கொண்டே போனார்.

அதே இருபத்திரண்டு அட்டையைத் தரையில் பரப்பினேன். கொட்டை வைக்கச் சொன்னேன். முதலில் ஒருத்தரும் நகரவில்லை. காசியம்மா, இருப்பதிலேயே மூத்த பால்வாடி டீச்சர், முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். ‘கலெக்டர் ஆபீஸ் போய் வருவது’ அட்டை மேல் ஒன்று வைத்தாள். மற்றவர்களும் அதன் மேலேயே வைத்தார்கள். மீதி இருபத்தொன்றும் காலி.

“இன்னொரு அட்ட எழுதும்மா” என்றாள் காசியம்மா. “எங்களத் திட்டறது. அதுக்கு அக்கா தான் வேணும். திட்டறதுக்கு ஆள் இல்லன்னா வேலயே ஓடாது.”

எல்லாரும் சிரித்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். எண்ணினார் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தார்.

சார் வழக்கம்போல மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். மூன்றாவது தீர்மானம் முடிந்ததும் பேனா சுற்றி வந்தது. விஜயாவிடம் வந்தபோது அவள் அதை வாங்கி, மூடியைப் போட்டு, கீழே வைத்தாள்.

“நான் போட மாட்டேன் சார்.” பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். “ஆடிப்பட்டம் தேடி வெதைக்கிறோம். வெதைக்க ஆகிற ஆடி, வயித்துக் கட்டிய எடுக்க மட்டும் ஆகாதா?”

காசியம்மா: “நானும் போட மாட்டேன்.” அப்புறம் வரிசையாக எல்லாரும்.

சார் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், மூன்றாவது தீர்மானத்தை அடித்தார். அவருடைய புத்தகத்தில் முதல் அடித்தல். புதிதாக எழுதினார்: 21 முதல் விடுப்பு, பொறுப்பு விஜயா. ஐந்து மணி பஸ் போய்விட்டது. ஒருவரும் கவலைப்படவில்லை.

அக்கா டீ குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

13.7.97 ஞாயிறு

எதுவும் செய்யவில்லை. தப்பு செய்துவிட்டேனா? ஒரு மனுஷியின் பதினாறு வருஷத்தைப் புளியங்கொட்டையால் எண்ணிக் காட்டியிருக்கிறேன், அதுவும் அவருடைய பெண்கள் முன்னால். இவர் சமைத்தார். சாம்பாரில் உப்பு கம்மி. சொல்லவில்லை.

14.7.97 திங்கள்

அக்கா வீடு. விளக்குமாற்றைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்த விளக்குமாறு.

“அப்ப நான் எதுக்கு சுகுணா?”

என் பயிற்சிப் புத்தகம் எதிலும் இதற்குப் பக்கம் இல்லை. “திட்டறதுக்கு” என்றேன்.

சிரித்தார். அப்படியே அழுதார். நானும்.

பிறகு சொன்னார்: “பொறாம இல்ல, பயம். விஜயா எதுத்து நின்னு கத்தத் தெரியாதவ. எவனாவது வந்து மெரட்டினா ஆறு வாரத்துல ஆறு பால்வாடி மூடிடும். அந்தக் கொழந்தைங்க வெயில்ல வரப்பு ஓரத்துல தான் கெடக்கும். நான் ஆரம்பிச்சப்ப அப்படித்தான் கெடந்துச்சுங்க.”

வேலூருக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்.

17.7.97 வியாழன்

ஆடி ஒன்று. கோயில் ஒலிபெருக்கி விடியலிலிருந்து.

கீ.பெ. போனால் ஆபீசில் விஜயா இல்லை. பால்வாடி நடக்கிற ஒரு கொட்டகையை அதன் சொந்தக்காரர் உர மூட்டை அடுக்கிப் பூட்டிவிட்டாராம். ‘நாலு நாளைக்கு எங்கயாவது வச்சுக்கோங்க’ என்றாராம். சைக்கிளுக்கு ஆள் பிடித்து ஓடினேன், ஆலோசனை மூட்டையோடு.

அங்கே பார்த்தால் கொட்டகைக்காரர் வீட்டு வராந்தாவில் இருபத்தாறு குழந்தைகள். நடுவில் விஜயா, பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு. பக்கத்தில் சுண்டல் அண்டா.

“நாலு நாள் தானேங்க ஐயா, இங்கயே வச்சுக்கறோம்” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். கத்தவே இல்லை. ஒரு குழந்தை அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டது. இன்னொன்று பூந்தொட்டியில் ஒன்றுக்குப் போனது. பதினொன்றரைக்கு அவரே மூட்டைகளை நகர்த்த ஆள் கூப்பிட்டார்.

நான் சொன்ன ஆலோசனை: எதுவும் இல்லை. சுண்டல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சாயங்காலம் அக்காவிடம் சொல்லப் போனேன். அதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. “நானா இருந்தா கத்தியிருப்பேன். அவன் வீம்புக்குத் தொறந்திருக்கவே மாட்டான்” என்றார். கொஞ்சம் கழித்து, “வேலூர்ல கொசு ஜாஸ்தியா?”

வருகிறார்!!

19.7.97 சனி

பௌர்ணமி கிரிவலம். செங்கம் ரோடு முழுக்கத் தலை. தெருவில் இறங்க முடியவில்லை. ஆசிரமம் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரி ஒருத்தி எங்கள் குழாயில் கால் கழுவிக்கொண்டு இவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். இவருக்கு அரை நாள் சந்தோஷம்.

வேலூருக்கு: பிளாஸ்க், இரண்டு நைட்டி, கொசுவர்த்தி, டாக்டர் சீட்டு, எலுமிச்சை. இவர் மூன்று நாள் தனியாகச் சமாளிக்க ரசப்பொடி டப்பாவை முன்னால் எடுத்து வைத்தேன். உப்பையும்.

21.7.97 திங்கள்

வேலூர். நேற்று கிரிவலக் கூட்டத்தோடு இடிபட்டு வந்து சேர்ந்தோம். இன்று காலை அட்மிஷன். ரத்தம் எடுத்தார்கள். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று மட்டும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து விஜயா வீட்டுப் பக்கத்துக் கடைக்கு நான்கு தடவை போன். ‘ரிஜிஸ்டர் எங்க’, ‘அரிசி வந்துச்சா’, ‘காசியம்மா லீவு கேட்டா குடுக்காத’.

இன்று பதினொரு மணிக்கு ஆபீசுக்குப் போட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பேச ஆரம்பித்தார், நிறுத்தினார், ரிசீவரைப் பார்த்தார், வைத்தார். வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

“வச்சுட்டா.”

“யாரு?”

“விஜயா. ஆபீசருங்க வந்திருக்காங்களாம். அப்புறம் பேசறேங்கக்கான்னு வச்சுட்டா. பதினாறு வருஷத்துல எம் போன எவளும் வச்சதில்ல.”

பையைத் தோளில் மாற்றிக்கொண்டேன்.

“இங்க நல்ல ஓட்டல் எங்க இருக்கு?” என்றார். “பசிக்குது.”

நான்கு இட்லி, ஒரு வடை. என் வடையிலும் பாதி.

22.7.97 செவ்வாய்

காலை எட்டரைக்கு உள்ளே. வராந்தாவில் நானும், ராத்திரியே வந்து சேர்ந்த சாரும். அவர் கையில் பேப்பர், ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தார். பதினொன்றே காலுக்கு டாக்டரம்மா வந்தார். “நல்லபடியா முடிஞ்சுது.” சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார்.

ஆபீசுக்குப் போன் போட்டேன். விஜயா ஒரு மூச்சு அழுதாள். பிறகு, “அக்கா கண்ணு முழிச்சதும் சொல்லுங்க மேடம், பதினாலும் தொறந்திருக்குன்னு” என்றாள்.

நாலு மணிக்கு அக்காவுக்கு நினைவு வந்தது. கண் திறக்கவில்லை. உதட்டில் ஈரத்துணி வைத்தேன். காதருகே குனிந்து, “பதினாலும் தொறந்திருக்காம்கா” என்றேன்.

“தெரியும்” என்றுவிட்டுத் தூங்கிப்போனார்.