வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம்

8.2.2004, ஞாயிறு

மருமகனுக்குச் சோறு எடுத்துக்கினு கும்மிடிப்பூண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய ரயிலு, பழைய ஏரோப்ளேன்னு பைத்தியமா அலையுற ஒரு சங்கம், அங்கே ஒரு கரி எஞ்சினை ரிப்பேர் பண்ணுறாங்க. தலைவர் யாருன்னு பார்த்தா, அந்தக் காலத்துல ஸ்டேஷன் வாசல்ல டிக்கெட் கலெக்டரா நின்ன தங்கவேலு. எஞ்சின்ல வெந்நீர் பிடிச்சுப் பிள்ளையைக் குளிப்பாட்டினேன்னு என் குடத்தை எட்டி உதைச்சவன். முப்பது வருஷமாச்சு. நான் மறக்கலை.

ஏரோப்ளேன் இறக்கையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. அப்புறம், அந்த எஞ்சின்ல காணாமப் போன வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சண்டை.

"வலது பக்கம். போடுப்பா ஓட்டை" என்றான் தங்கவேலு. மருமகன் டிரில்லைத் தூக்கிட்டார்.

"இடது பக்கம்" என்றேன்.

"அத்தே, சும்மா இருங்க" என்றார் மருமகன்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றான் தங்கவேலு.

"பட்டணம் போற வண்டிக்கு பிளாட்பாரம் வலது பக்கம்; உன் கண்ணுல படாம அந்தாண்ட தண்டவாளத்துல இறங்கி தினம் வெந்நீர் பிடிச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

சங்கத்து ஆளு ஒருத்தர் இடது பக்கம் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே பழைய ஓட்டை, போல்ட்டு போட்டு அடைச்சிருந்துச்சு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. "இன்னும் எது எது எங்கே இருந்துச்சு, சொல்லுங்க ஆயா"ன்னு நோட்டை எடுத்தாங்க.

எனக்கு நாற்காலி கொண்டாந்து போட்டது தங்கவேலுதான். நான் நல்லா சாஞ்சு உட்கார்ந்துக்கினு, அவனை நிக்க வச்சே மீதி எல்லாத்தையும் சொன்னேன்.