மாப்பிள்ளை அனுப்பிய ஹெட்

மூன்றாம் தேதி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் அங்கே எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்தில் நின்று சொல்கிறாள். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே கேட்டிருப்பேன். கேட்டால் சிக்னல் சரியில்லை மாமா என்று வைத்துவிடுகிறீர்கள். என் மகளோடு ஒன்றரை மணி நேரம் பேசும்போது இருக்கிற சிக்னல் என் குரலைக் கேட்டதும் எங்கே போய் ஒளிகிறதோ தெரியவில்லை. கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

என் மகள் பாப்பாவின் பந்தயக் காருக்கென்று நீங்கள் அனுப்பிய சிலிண்டர் ஹெட் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மரப்பெட்டி, உள்ளே காகிதத் துருவல், அதற்கு நடுவே பளபளவென்று அலுமினிய ஹெட். என்ஜின்மேல் மூட வேண்டியதை நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம். பாப்பா அதை இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்து, காற்று போகிற போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவர் எனக்காகத் தேடித் தேடி வாங்கியிருக்கார்ப்பா என்றாள். அவளுக்கு முப்பது வயது, என் பட்டறையில் பாதி ஹெட் வேலையை அவள்தான் செய்கிறாள். இருந்தும் கட்டியவன் அனுப்பியது என்றால் கண் தெரிவதில்லை.

எனக்குத் தெரிகிறது. காற்று உள்ளே போகிற வழி இவ்வளவு அகலமாக இருந்தால், என்ஜின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போதுதான் அதற்கு மூச்சு நிறையும். நம் மலைப்பாதையில் பதினேழு வளைவு. ஒன்றில் ஏறி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். எங்கே போய் ஆறாயிரம் சுற்றுவது? ஒவ்வொரு வளைவு தாண்டியும் வண்டி இருமிக்கொண்டு நிற்கும். அந்தப் பல் டாக்டர் பின்னால் வந்து ஹாரன் அடிப்பார். மூன்று வருடமாக அவருக்கு அடுத்த இடம்தான் இவளுக்கு. போன பந்தயத்தில் அரை நொடியில் விட்டாள். இந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

அது வெறும் பந்தயம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அங்கே வந்து உங்களோடு இருப்பதா, இங்கேயே பட்டறையைப் பார்ப்பதா என்று அது முடிந்த பிறகு சொல்வதாக நம் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் அந்த மலையில் ஒழுங்கான வண்டியில் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் ஒரு ஹெட் தயார் செய்து வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த அதே இரும்பு ஹெட். இன்லெட் வால்வு மட்டும் ஒன்றரை மில்லி பெரியது, வால்வு உட்காரும் சீட் புதிதாக வெட்டியது, அடிப்பக்கம் அரை மில்லி சீவியது. போர்ட்டை அகலப்படுத்தவில்லை, மேடு பள்ளத்தை மட்டும் தேய்த்தேன். பார்க்க அழகில்லை. குறைந்த சுற்றிலேயே இழுக்கும்.

பாப்பா கேட்கவில்லை. அவர் அனுப்பினதையே போடலாம்ப்பா என்று ஒரே பிடிவாதம். சரி, அளந்து பார்க்கலாம் என்றேன். பிஸ்டன்மேல் களிமண் ஒட்டி, உங்கள் ஹெட்டை வைத்து இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினேன். வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் அறுத்து அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிதான். ஒன்றரையாவது இருக்க வேண்டும். வண்டி வேகமெடுத்தால் வால்வு பிஸ்டனில் இடித்து என்ஜின் சுக்குநூறாகும். அறுத்த துண்டின் அளவை அவளே பார்த்தாள். உங்கள் ஹெட்டைத் தூக்கித் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டாள்.

ஆக, உங்கள் ஹெட்டைப் போட முடியாது. என்ன பிஸ்டன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் முட்டாள்கூட ஹெட் வாங்க மாட்டான். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். இனி இந்த வண்டி விஷயத்தில் தலையிட வேண்டாம்.

அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

*

பத்தொன்பதாம் தேதி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். மூன்றரைப் பக்கத்துக்கு மரியாதை, வணக்கம், அத்தையின் முழங்கால் வலி. அப்புறம் அடியில் ஒரு வரி. கேஸ்கட் போட்டுத்தானே அளந்தீர்கள் மாமா என்று.

யாரைப் பார்த்துக் கேட்கிறீர்கள்? முப்பத்தொரு வருடமாக ஹெட் இறக்கி ஏற்றுகிறவன் நான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மில்லிக்கு மேல் கனத்தில் கேஸ்கட் தகடு வரும், அதை விட்டு அளந்தால் இடைவெளி குறைத்துக் காட்டும் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் வந்து, என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்து, வேலையையும் கற்றுக்கொண்டு என் மகளையும் கட்டிக்கொண்டு போன ஆள் என்னிடம் இதைக் கேட்கிறார். போட்டேன். புதுக் கேஸ்கட் போட்டுத்தான் அளந்தேன். என் மகள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன், போதுமா?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நேற்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது வண்டியின் பழைய ஓட்டக் குறிப்புகள் கிடைத்தன. அதில் ஒரு தாள் உங்கள் கையெழுத்து. அந்தக் கோழிக்கிறுக்கல் வேறு யாருக்கும் வராது. நீங்கள் இப்போது இருக்கிற ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம் எழுதியது. அப்படியே தருகிறேன்: "இந்த மலைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றே அதிகம். சின்ன போர்ட்தான் சரி. பெரிய ஹெட் போட்டால் வளைவுக்கு வளைவு வண்டி செத்துவிடும்."

போன கடிதத்தில் உங்களை முட்டாள் என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன். எந்த ஹெட் ஆகாது என்று தெரிந்துகொண்டே, பார்த்துப் பொறுக்கி, அதையே அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் போட்டால் வால்வைத் திறக்கிற கேம் மாற்ற வேண்டும், கியர் மாற்ற வேண்டும், கார்புரேட்டர் மாற்ற வேண்டும். ஆறு மாதம் வண்டி ஸ்டாண்டில் நிற்கும். அல்லது அப்படியே ஓட்டி, எல்லோருக்கும் முன்னால் கேவலப்பட்டு, போதும்டா சாமி என்று மூட்டை கட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவாள். இதுதானே திட்டம்?

வந்துவிடு என்று அவளிடம் நேராகக் கேட்க உங்களுக்குத் தைரியம் இல்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அதற்குப் பதிலாகப் பரிசு மாதிரி மரப்பெட்டியில் வைத்து விஷத்தை அனுப்பியிருக்கிறீர்கள். அவள் தினமும் அந்த ஹெட்டைத் துணி வைத்துத் துடைக்கிறாள் தெரியுமா? 

தாளை இன்னும் அவளிடம் காட்டவில்லை. உங்களுக்காக இல்லை, அவள் பந்தயத்துக்கு முன்னால் அழக்கூடாது என்பதற்காக. ஒரு வாரம் தருகிறேன். நீங்களே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லவில்லை என்றால் தாளை அவள் கையில் கொடுப்பேன். பொய் சொல்லி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைக்கிறவன் என் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கத் தேவையில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அத்தைக்குத் தெரியாது. அதனால் அவள் விசாரிப்பு இதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

*

பன்னிரண்டாம் தேதி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் சொன்னபடி செய்துவிட்டீர்கள். கடிதம் கிடைத்த அன்றே அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் அந்த ஹெட்டை அனுப்பினேன், நீ இல்லாமல் இருக்க முடியவில்லை, நேரில் கேட்க பயமாக இருந்தது என்று. கெட்டிக்காரர். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் சத்தியத்தையும் வரி மாறாமல் படித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

அவள் போனை வைத்துவிட்டு நேரே பட்டறைக்குள் வந்தாள். நான் வால்வு தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, புதுக் கேஸ்கட் எங்க என்று கேட்டாள். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கவரோடு. கவர் பிரிக்கவே இல்லை.

கவரைப் பிரித்தாள். உங்கள் ஹெட்டை எடுத்தாள். களிமண் ஒட்டினாள், கேஸ்கட் வைத்தாள், இறுக்கினாள், இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி அறுத்து அளந்தாள். இரண்டு மில்லி. தாராளமாக இரண்டு மில்லி. உங்கள் ஹெட் எதிலும் இடிக்காது. நான் எடுத்துவைத்திருந்த பழைய களிமண் துண்டைப் பக்கத்தில் வைத்தாள், நடுவில் அளந்த வெர்னியரை வைத்தாள், கை கழுவப் போய்விட்டாள்.

ஆமாம், அவள் வெளியே போயிருந்தபோது கேஸ்கட் போடாமல்தான் அளந்தேன். தெரிந்துதான் செய்தேன். பெரிய போர்ட் அந்த மலைக்கு ஆகாது என்று நான் சொன்னது உண்மை. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டாள். ஜெயித்தால் இங்கேயே இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அதற்காக என் தொழிலில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். அளவில் பொய் சொன்னேன். அப்புறம் அவள் தலைமேலேயே சத்தியம் செய்தேன். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்களுக்கு இதைப் படிக்க இனிப்பாக இருக்கும், நன்றாகச் சுவைத்துப் படியுங்கள்.

பந்தயத்துக்கு என் ஹெட்டைத்தான் போட்டாள். உங்கள் தாளையும் கேட்டு வாங்கிப் படித்தாள். ஹெட் விஷயத்துல ரெண்டு பேரும் ஒண்ணையேதான் நினைச்சிருக்கீங்க, போகாதேன்னும் வான்னும் எங்கிட்ட நேரா சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் வாய் வரல என்றாள். ஹெட்டை அவளே ஏற்றினாள். போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுக்கப் போனேன், நான் பாத்துக்கறேன் என்றாள். அந்த இடத்தில் நான் நிற்பது அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

பல் டாக்டரை ஒன்று புள்ளி மூன்று நொடியில் முந்தினாள். பதினேழு வளைவிலும் வண்டி ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. டாக்டரே வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, யார் வேலை இது என்று கேட்டார். அப்பா செஞ்சது என்று சொன்னாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கோப்பையை அலமாரியில் வைத்த பிறகு முடிவைச் சொன்னாள். உங்களிடம் வருகிறாள். இருபத்தாறாம் தேதி விமானம். ஜெயித்த பிறகுமா என்று கேட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை. அவரும் பொய்தான் சொன்னாரு, ஆனா அவரே வந்து சொல்லிட்டாரு என்றாள். நீங்கள் சொன்னது நான் கொடுத்த கெடுவால்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது மட்டும் நான் உங்களுக்குச் செய்த உதவி, மறந்துவிடாதீர்கள்.

உங்கள் அலுமினிய ஹெட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறாள். எட்டு கிலோ. அதற்காகத் துணியில் பாதியை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். உங்கள் ஊரில் மேடு கிடையாது, நீளநீளமாக நேர் ரோடு, அங்கே இது நன்றாக ஓடும் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது சரிதான். அதற்கேற்ற கேம் பார்த்து வையுங்கள். அவளைச் சமையலறையில் மட்டும் உட்கார வைத்தீர்கள் என்று தெரிந்தால் நான் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவேன், சிக்னல் இல்லை என்று அப்போது சொல்ல முடியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. குறையாது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போதெல்லாம் நான் எதையாவது கேட்டால் பதில் சொல்கிறாள். எத்தனை மில்லி, எத்தனை மணி என்று கேட்டால் சொல்கிறாள். வேறு ஒன்றும் பேசுவதில்லை. அங்கே வந்தபிறகு எனக்குப் போன் செய்வாள் என்று அத்தை சொல்கிறாள். அத்தைக்குச் செய்வாள், எனக்குத் தெரியும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். மாதம் ஒரு தடவை எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். மரியாதை, வணக்கம் எதுவும் வேண்டாம். பாப்பா என்ன வேலை செய்கிறாள், சிரிக்கிறாளா, அது போதும். நான் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா