என் கையெழுத்தில் போன மனு

ஆனி 12, திங்கள்
விடிந்ததிலிருந்து புழுக்கம். மூத்த பேரன் தினகர் ஒரகடத்தில் சூப்பர்வைசர். சின்னவன் டிப்ளமோ, முதல் வகுப்பு. பேத்தி பவித்ரா எங்கள் தெருவின் முதல் பி.எஸ்ஸி. கம்பெனியில் இருபது பேருக்கு லைன் லீடராக இருந்தவள். நான் ஐந்தாம் வகுப்பு.
வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பவித்ரா போய் மூன்று மாதம். எங்கே என்று தெரியாது. தெரியாததே நல்லது. அவள் அப்பன் சேகர், என் மகன், வெட்டுவேன் என்று தெருவில் நின்று கத்தியவன்.
வாங்க வேண்டியது: புளி, தைலம்.

ஆனி 13, செவ்வாய்
பதிவுத் தபால், என் பெயருக்கு. இரண்டு தரம் படித்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் நான் கேட்ட பவித்ராவின் திருமணப் பதிவு, முகவரி தனிப்பட்ட தகவலாம். அவள் எழுத்து மூலம் ஆட்சேபித்துவிட்டாளாம். தர இயலாதாம்.
நான் எப்போது கேட்டேன்?
பிறகு ஞாபகம் வந்தது. போன மாதம் சேகர் மடித்த தாளை நீட்டினான். "தெரு லைட்டுக்கு மனும்மா. வயசானவங்க பேர்ல போனா சீக்கிரம் நடக்கும்." கைநாட்டு இல்லை. பொன்னம்மாள் என்று முழுசாக எழுதினேன், ஜம்பமாக.
உன் ஆயா கேட்கிறாள், கொடுக்கலாமா என்று ஆபீசிலிருந்து பவித்ராவுக்குக் கடிதம் போயிருக்கும். வேண்டாம் என்றாள். கெட்டிக்காரி. என்னை என்ன நினைத்திருப்பாள்.
ஷிப்ட் முடிந்து சேகர் வந்தான்.
"இன்னாடா இது?"
"ஆயா கேட்டா குடுப்பாங்கன்னு பாத்தேன். வேலைக்காவல."
"எம்பேர வச்சா அவள தேடுற?"
"வுடும்மா. அப்பீல் கீது."
சோறு கேட்டான். போட்டேன். கையெழுத்துப் போட்ட அதே கை.

ஆனி 14, புதன்
பதிவு ஆபீசுக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். நாலாவது சரி: 'அந்த மனு என்னுடையது அல்ல. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து. என் பெயரில் இனி எது வந்தாலும் என்னை நேரில் பார்க்காமல் ஏற்க வேண்டாம். பேத்தி விலாசம் எனக்கும் வேண்டாம்.'
மழை இல்லை. முட்டி வலி.

ஆனி 15, வியாழன்
ஷேர் ஆட்டோவில் பதிவு ஆபீஸ். கிளார்க் பெண் முழுக்கப் படித்தாள்.
"நீங்களே எழுதனதா ஆயா?"
"வேற யார நம்பறது?"
சீல் வைத்தாள். "அந்தப் பொண்ணுக்கும் ஒரு காப்பி போவும்."
தாளைத் திருப்பி வாங்கினேன். அடியில் எழுதினேன்: 'பவி, புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. தபாலில் வேண்டாம், முத்திரையில் ஊர் தெரியும். உன் சிநேகிதி ஸ்டெல்லா போனுக்குப் போடு, போய்ப் பார்த்துக்கொள்கிறேன். வெறும் சுவரை ஒட்டி நின்று எடு. கடை போர்டு எதுவும் விழக் கூடாது.'