கிழித்த தாள்களின் விளிம்பு

மதிப்பிற்குரிய தோழி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தங்கள் கேள்விக்குரிய பதிலை இத்தனை காலம் தாழ்த்தி எழுதுவதற்கு மன்னிப்புக் கோருகிறேன். தாங்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது.

இன்று காலை அலுமாரியில் என் பழைய குறிப்பேடு அகப்பட்டது. நடுவில் மூன்று தாள்கள் இல்லை. தையலோரம் விளிம்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சமரசப் பேச்சு முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் தம் குறிப்புகளைக் கிழித்துவிட வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். தங்களுக்கும் தங்கள் தம்பிக்கும் இடையிலான மஹய்யாவையிலுள்ள வீட்டைப் பற்றிய பிரச்சினை பேசப்பட்ட நாளில், அத்தாள்களை நானே கிழித்தேன்.

அன்று ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தது. தங்களுக்குத் தமிழில் வாசித்துக்காட்ட எழுந்தேன். தங்கள் சட்டத்தரணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேரமாகுது மிஸ், நானே சொல்லிடுறேன்."

பிறகு தங்கள் பக்கம் குனிந்து, "அடுத்த தவணைக்கு வர்றதுக்குத்தாம்மா இந்தக் கையெழுத்து," என்றார். தாளோ, தாங்கள் வீட்டை விட்டுக்கொடுப்பதாகக் கூறியது. முதற் பந்தியை நான் வாசித்திருந்தேன். தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். தாங்கள் கையெழுத்திட்டீர்கள். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டு, அகராதியின் துணையால் இரு மொழி கற்று மொழிபெயர்ப்பாளரின் கதிரையை அடைந்தவள் நான். கேட்காமல் பேசினால் அதை இழப்பேன் என அஞ்சினேன்.

தம்பி வீட்டைப் பூட்டப் பூட்டோடு வந்த பிறகு, மழையில் நனைந்தபடி என் வாசலில் நின்றீர்கள்.

"அவரு என் காதுல சொன்னத நீங்க கேட்டீங்கதானே அக்கா? அத மட்டும் வந்து சொல்லுங்க."

"அவ்வறையில் கேட்டதை வெளியில் கூற எனக்கு அனுமதியில்லை," என்றேன்.

"நல்லாத்தான் பேசுறீங்க. பேச வேண்டிய எடத்துல மட்டும் வாயில கொழுக்கட்ட."

தேநீரைத் தொடாமலே இறங்கிப் போனீர்கள். பிலிமத்தலாவையில் ஒரு வாடகை அறையில் தங்கள் இறுதி நாட்கள் கழிந்தன.

இப்போது தங்கள் மகள் அந்தச் சட்டத்தரணி மீது முறைப்பாடு செய்திருக்கிறார். சட்டத்தரணியோ, அறையில் நடந்தவை இரகசியம், எவரும் வாய் திறக்கலாகாது என்று பதில் எழுதியிருக்கிறார். நான் தங்களிடம் சொன்னதும் அதுவேதான்.

தங்கள் தம்பி அன்று அழுதபடி கூறியதை நான் எவரிடமும் சொல்லேன். தங்கள் மகளிடமும் சொல்லேன். தம்பி அந்த அறையை நம்பிப் பேசினார். ஆனால், சட்டத்தரணி தங்கள் காதருகே சொன்னது தங்களுக்குரியது. அதைச் சொல்லும்படி தாங்களே நேரில் வந்து கேட்டீர்கள். அந்த அனுமதி போதும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

தாள்கள் போயின. அவர் சொன்ன சொற்கள், கனிவாகச் சேர்த்த அந்த 'அம்மா' உட்பட, என்னிடம் அப்படியே இருக்கின்றன. வியாழக்கிழமை விசாரணை. அங்கு அவற்றைச் சொன்ன பிறகு எனக்கு அக்கதிரை இருக்குமோ, அறியேன்.

அன்று தாங்கள் தந்த அனுமதி இன்றும் செல்லுமா? தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்; வியாழனுக்கு முன்.