இடப் பக்கம் வந்த அடிகள்

புதுச்சத்திரம்,
3.7.2025

மாண்புமிகு கேம் கம்பெனி முதலாளி அப்ரார் அவர்களுக்கு,

புதுச்சத்திரம் மோகன்குமார், கேஸ் டேங்கர் டிரைவர், ப்ளஸ் டூ வரை உன்னோடு ஒரே பெஞ்சைத் தேய்த்தவன், எழுதிக்கொள்ளும் புகார். போனில் சொன்னால் சிரிக்கிறாய். "கம்ப்ளெயிண்டுன்னா எழுத்துல குடு மாப்ள" என்று நீதான் சொன்னாய். இதோ, எழுத்தில். ஸ்டாம்பு என் செலவு.

நீ செய்த 'ஏழு மதில்' கேமை மூன்று வருடமாக ஆடுகிறேன். மங்களூரில் லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது அதுதான் எனக்குத் துணை. எங்கள் ஐந்து பேர் அணியில் நான் கேடயக்காரன். எதிரி அடிப்பதை நான் தடுத்தால்தான் பின்னால் நிற்கிற நாலு பேரும் பிழைப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைவன், ஆத்தூர் காலேஜ் பையன் தனுஷ், என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டான். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இப்பல்லாம் தடுக்கறதே இல்ல. பாதி நேரம் செத்துப் போறோம்" என்கிறான். என்னிடம், அப்ரார். பதினாறு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவனிடம். (இடப் பக்கக் கண்ணாடி இந்த வருடம் இரண்டு தடவை உடைந்தது. அது டோல்கேட்காரன் கம்பத்தை ரோட்டுக்குள் நட்டு வைத்த லட்சணம்.)

யார் எத்தனை அடி தடுத்தார்கள் என்பதெல்லாம் உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவனுக்குக் காட்டமாட்டேன் என்கிறாய். ஏர் பிரஷர் முள் இல்லாத வண்டியைக் கொடுத்து, பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, நம்பி ஓட்டு என்றால் நான் ஓட்டுவேனா? எண்களை வெளியே விடு. எல்லோருக்கும் தெரியட்டும். தனுஷுக்கு முதலில் தெரியட்டும்.

என் வீட்டுக்காரி தனப்பிரியா உன்னையும் உன் வீட்டுக்காரி ஷைமாவையும் கேட்டதாக எழுதச் சொன்னாள். நீ வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது என்றும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
அணியில் இல்லாத கேடயக்காரன்,
மோகன்

✽

அம்மாபேட்டை, சேலம்,
8.7.2025

அன்பு மோகனுக்கு,

உன் புகார் வந்தது. ஆபீஸில் ஏழு பேரும் படித்துச் சிரித்தார்கள். சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

கோபப்படாமல் கேள். முதல் சோதனை ஓட்டத்தில் எல்லா எண்களையும் திரையில் காட்டினோம். இரண்டே வாரத்தில் ஆட்டமே மாறிப்போனது. சண்டை முடிந்ததும் யாரும் ஜெயித்ததைப் பற்றிப் பேசவில்லை. யாரைத் துரத்தலாம் என்று பட்டியலைத்தான் பார்த்தார்கள். ராசிபுரத்தில் சுகன்யா என்று ஒரு நர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். காயம்பட்டவர்களைத் தேற்றுவது அவர் வேலை. எதிரியை அடித்த பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒரு மாதத்தில் மூன்று அணி அவரை வெளியே தள்ளியது. "வேலை செய்யற எடத்துலதான் பூஜ்யம்னு சொல்றாங்கன்னா, வெளையாட வந்த எடத்துலயுமா சார்?" என்று எழுதிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அன்றைக்கு மறைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் நீ வேறு ஆள். உன் எண்களைப் பார்க்கச் சம்மதம் என்று எழுதிக் கொடு. நானே எடுத்துப் பார்த்து, தனுஷிடம் பேசுகிறேன். கம்பெனி முதலாளி ஒரு டிரைவருக்காகச் சிபாரிசுக்குப் போவதை ஊர் பார்க்கட்டும்.

தனப்பிரியாவிடம் வாரேன் என்று சொல். ஆடி பிறக்கட்டும்.

உன்,
அப்ரார்

✽

புதுச்சத்திரம்,
12.7.2025

அப்ராருக்கு,

சம்மதம். முழுச் சம்மதம். மூன்று வருடத்து எண்களையும் எடுத்து அவன் மூஞ்சியில் வீசு.

25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி மங்களூர் லோடு. அதற்குள் என்னை அணியில் சேர்த்துவிட்டாய் என்றால் வரிசையில் நிற்கும் பொழுது போகும்.

மோகன்

✽

அம்மாபேட்டை,
21.7.2025

அன்பு மோகனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நேரே கொண்டுவந்து தனப்பிரியாவின் கையில் கொடுக்கப் போகிறேன். நீ வீட்டில் இருந்தால் வாசலிலேயே அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை வண்டி எடுக்காதே. மற்றதைப் பிறகு படி.

உன் எண்களைப் பார்த்தேன். போன டிசம்பர் வரைக்கும் நூறு அடி வந்தால் தொண்ணூறுக்கு மேல் தடுத்திருக்கிறாய். அது எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அப்படித்தான். வலப் பக்கம் இன்றைக்கும் தொண்ணூற்றொன்று. இடப் பக்கம் ஜனவரியில் எழுபது, மார்ச்சில் நாற்பது, போன வாரம் பதினான்கு. முதலில் உன் போனின் திரை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். நீ ஏப்ரலில் புதுப் போன் வாங்கியிருக்கிறாய். அதிலும் இதே கதைதான். அடி தாமதமாகத் தடுக்கப்படவில்லை, மோகன். தடுக்க நீ கையையே எடுக்கவில்லை. இடப் பக்கம் வருகிறவனை நீ பார்க்கவில்லை.

அப்புறம் உன் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். உடைந்த இரண்டு கண்ணாடியும் இடப் பக்கம்.

நான் டாக்டர் இல்லை. இது ஒன்றும் இல்லாமல் போனால் வாழ்நாள் முழுக்க என்னைக் கிண்டல் செய். ஆனால் உனக்குப் பின்னால் பதினெட்டு டன் கேஸ் வருகிறது. டிரைவர் வேலை உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். கண் டாக்டரைப் பார். எண்களை அச்செடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டு.

அப்ரார்

✽

அம்மாபேட்டை,
2.8.2025

மோகனுக்கு,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். லாரி ஆபீஸில் விசாரித்தேன். மங்களூர் லோடை வேறு டிரைவர் எடுத்துப் போனதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ பேசாமல் இருப்பது நியாயம்தான். ஜனவரியிலிருந்து அந்த எண்கள் என் மேஜையில் இருந்தன. மறைப்பதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு நானும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவிடவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் லேசாகப் போய்விடும். ஆனாலும் எழுதுகிறேன்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்று மட்டும் தனப்பிரியாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

அப்ரார்

✽

புதுச்சத்திரம்,
14.9.2025

அன்பு அப்ராருக்கு,

வரிகள் தாளின் நடுவில் ஆரம்பிப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. அங்கேதான் தாள் ஆரம்பிக்கிறது என்று நினைத்து எழுதிவிடுகிறேன். தனப்பிரியா பக்கத்தில் நின்று தாளை நகர்த்துகிறாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்தேன். பொறாமை பிடித்தவன், என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறான் என்று கத்தினேன். நீ காதால் கேட்டிருக்க வேண்டாத வார்த்தைகள் சிலதும் சொன்னேன். தனப்பிரியாவைக் காணோம். சமையல்கட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையில் காபி டம்ளரோடு என் முன்னால் நிற்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏனுங்க, நான் எந்நேரமா உங்க பக்கத்துலயே நின்னு டம்ளர ஆட்டிக்கிட்டு இருக்கறனுங்க. நீங்க திரும்பவே இல்லீங்க" என்றாள். இடப் பக்கம் நின்றிருக்கிறாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "ஆறு மாசமா தட்டுல எடது பக்கம் பொரியல அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சிடறீங்க. என்ற கைப்பக்குவம் உங்களுக்குச் சலிச்சுப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேனுங்க." அவள் அப்படி நினைத்துக்கொண்டே ஆறு மாதம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன், அப்ரார். கிழித்த துண்டுகளை அவள்தான் பொறுக்கி ஒட்டினாள். மறுநாள் காலையில் லாரி முதலாளியிடம் சாவியை நானே கொடுத்துவிட்டேன்.

சேலத்தில் கண் டாக்டர் உன் தாளைப் பார்த்துவிட்டு, இதை எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தீர்கள் என்று கேட்டார். கேம் கம்பெனியில் என்றேன். நம்பவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்றார். மூளையின் பின்பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, பார்வை வருகிற வழியை அழுத்திக்கொண்டு இருந்தது. கோயம்புத்தூரில் ஆகஸ்டு 13ஆம் தேதி எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. முழுதும் வந்துவிட்டது. உனக்குச் சொல்லாமல் போனது வீம்பு இல்லை, பயம். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் கடிதம்தான் காரணம் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்று பயந்தேன்.

வண்டி மறுபடி ஓட்டுவேனா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். பெரிய வண்டி அநேகமாக இல்லை. முதலாளி ஆபீஸில் உட்கார்த்தி வைத்திருக்கிறார். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று போனில் கேட்டு லோடு பிடித்துக் கொடுக்கிறேன். மங்களூர் வரிசையில் சலித்துப்போய் நிற்கிறவனிடம் என்ன பேச வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சில நாள் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. சில நாள் இல்லை.

இனி நம் பழைய சண்டைக்கு வருகிறேன். எண்களை எல்லோருக்கும் காட்டு என்றேன். நல்லவேளை, நீ கேட்கவில்லை. அந்தப் பதினான்கு தனுஷ் கையில் கிடைத்திருந்தால் என்னை நாலு பேர் நடுவில் கிழித்திருப்பான். நானும் வீம்புக்கு இன்னும் வேகமாக ஆடியிருப்பேன், டாக்டரிடம் போயிருக்க மாட்டேன். ஆனால் நீ மறைத்ததும் சரியில்லை. அதை நீயே ஒப்புக்கொண்டதால் விடுகிறேன். ஆடுகிறவனுக்கு அவனவன் எண்ணைக் காட்டு. அவனுக்கு மட்டும். போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று அவன் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். வேறு யாருக்குச் சொல்வது என்பது அவன் பாடு. அந்த ராசிபுரத்து நர்ஸையும் தேடிப் பிடித்துக் கூப்பிடு. எத்தனை பேரைப் பிழைக்க வைத்தார் என்பதற்கும் ஓர் எண் இருக்கும்தானே, அதை அவருக்குக் காட்டு.

நேற்று ஆஸ்பத்திரியில் பார்வைச் சோதனைக்காகக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முடிந்ததும் டாக்டர், "பரவாயில்ல, முன்னேற்றம் இருக்குது" என்று பொதுவாகச் சொன்னார். எண்ணைச் சொல்லுங்கள் என்று நின்றேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

தனப்பிரியாவுக்கும் உனக்கும் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இடப் பக்கம் இருபது புள்ளியில் மூன்று. நேற்று ஒன்பது.

உன்,
மோகன்