தோட்டம் பீரியட்

10 நவம்பர் 2014, திங்கள்

விடாத தூறல். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாக ஈரம். இவருக்கு நைட் ஷிஃப்ட், பகல் தூக்கம். குக்கர் விசில் வரக்கூடாது என்று சோற்றை வடித்தேன்.

எச்.எம். சிஸ்டர் புது டைம்டேபிள் ஒட்டிவிட்டார். "படிப்புன்னா கணக்கும் இங்கிலீஷும் மட்டுமில்ல டீச்சர். பிள்ளைங்களுக்கு எல்லாமும் வேணும்." ஓவியம், பாட்டு, விளையாட்டு, கதை, தோட்டம். எல்லாவற்றுக்கும் இடம். யார் வயிற்றில் அடித்து? என் கணக்கில் வாரம் இரண்டு பீரியட் போச்சு. ட்ராயிங் சாரிடம் பீரியட் கடன் வாங்குவதும் இனி கூடாதாம். பாவம், கேட்டபோதெல்லாம் கொடுத்த மனுஷன்.

இதில் கூத்து, அஞ்சாம் வகுப்புத் தோட்டம், திங்களும் வியாழனும், என் தலையில். பயிர் பச்சை தெரியாத விருதுநகர்க்காரி நான். குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கைக்குத் தண்ணீர் விடுவதே இவர்தான்.

அரையாண்டு வருகிறது. பின்னம் பாதியில் நிற்கிறது. எரிச்சல்.

சாயங்காலம் கேட்டில் ஜெனிபரின் அம்மா. ஜெனிபர், பலாவும் முந்திரியும் விளையும் காடாம்புலியூரிலிருந்து ஜூன் மாதம் என் வகுப்பில் வந்து சேர்ந்த பெண். அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நோட்டில் கணக்கெல்லாம் சரியாகப் போடுவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? வருகைப் பதிவுக்குக்கூடக் கைதான் தூக்குவாள்.

"வூட்டுல ஓயாம பேசிகினே இருக்குதுங்க டீச்சர். இங்க பேசுதுங்களா?"

"நல்லா எழுதறாம்மா."

அந்த அம்மா முகம் விழுந்துவிட்டது. அவர் கேட்டது அது இல்லையே. இத்தனை மாதத்தில் அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் எல்லாரையும் பேசவைக்கிறவள் என்று எனக்குப் பெயர் வேறு. உறுத்துகிறது.

13, வியாழன்

மழை விட்டது. காலையில் மறக்காமல் எடுத்துவைத்தது: காராமணி விதை, பழைய செருப்பு, கொசு மருந்து.

முதல் தோட்டம் பீரியட். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் செம்மண் நிலம். நான் சும்மா போவேனா? நூலும் ஸ்கேலும் எடுத்துப் போனேன். "பாத்தி நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பரப்பளவு என்ன?"

பிரகாஷ் இடுப்பில் கைவைத்து நின்றான். "மிஸ், இது கணக்கு பீரியடா?"

வகையாக மாட்டிக்கொண்டேன். ஸ்கேலை முதுகுப் பக்கம் மறைத்தேன்.

அப்போதுதான் ஒரு குரல். கணீரென்று. "டேய், அவ்ளோ ஆழமா போடாத! அழுவிப்பூடும்!"

ஜெனிபர். முட்டி வரை மண். வகுப்பு முழுக்க அவள் சொல்படி ஆடுகிறது. "நீ தள்ளிக் குந்து. நீ போய் தண்ணி எடுத்துகினு வா." பிரகாஷ்கூட ஓடுகிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியமாக.

பார்த்தவள் பேசாமல் நின்றிருக்கலாம். "ஜெனிபர், ஒரு குழிக்கு மூணு விதைன்னா பன்னிரண்டு குழிக்கு எத்தனை?"

எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாய் மூடிவிட்டது. அப்புறம் மணி அடிக்கும்வரை ஒரு சத்தம் இல்லை.

இவரிடம் புலம்பினேன். டூட்டிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொல்கிறார்: "நீ இட்லி வைக்கும்போதே எத்தனை ஆச்சுன்னு கேக்கறவளாச்சே." சிரிப்பு வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய், மாறுவேடம், மைக் வேலை செய்யவில்லை. ஜெனிபர் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கம் போகிறாள். மிட்டாய் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், தலை நிமிரவில்லை.

16, ஞாயிறு

கறிக்குழம்பு. இஸ்திரி. விடைத்தாள். எதிலும் மனம் நிற்கவில்லை. விதை முளைத்திருக்குமா? இப்படி ஒரு கவலை எனக்கு!

17, திங்கள்

நல்ல வெயில். மறுபடி தோட்டம் பீரியட். பாத்தியில் ஒன்றையும் காணோம். வெறும் மண்.

பிள்ளைகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். கை அரித்தது. ஓரத்துக் குழியில் குனிந்து விரலால் லேசாகக் கிளறினேன். பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான்.

சேறான ஒரு சின்னக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தோண்டாதீங்க மிஸ்! தோண்டிகினே இருந்தா எப்டி வரும்? கொஞ்சம் சும்மா குந்துங்க."

குந்தினேன். புடவையெல்லாம் செம்மண். பக்கத்தில் உட்கார்ந்து, கிளறிய குழியை மூடிக்கொண்டே என்னென்னமோ சொன்னாள். எலி தின்னும் கதை, அவள் மாமா வீட்டு ஆடு, போன வருஷத்துப் பலா. எதிர்க்கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

அடுத்த பீரியட் கணக்கு. அங்கே பழையபடி வாய் மூடித்தான். நானும் எழுப்பிவிட்டுக் கேட்கவில்லை. பின்னம் இன்னும் முடியவில்லை.

கேட்டில் அவள் அம்மா. அதே கேள்வி. "பேசுதுங்களா டீச்சர்?"

"என்னைத் திட்டினாம்மா."

பதறிப்போனார். "ஐயோ, மன்னிச்சிடுங்க டீச்சர். இனிமே அப்டி பேசாதுங்க, நான் கண்டிச்சு வெக்கிறேன்..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்டிக்காதீங்கம்மா. வியாழக்கிழமையும் திட்டச் சொல்லுங்க."